நீக்கிய பிளகின் விட்டுப்போன தரவு: எதைக் கொண்டு துடைப்பது?

இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) அழித்ததும் அதன் தரவும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். துடைக்கும் நிரலை பிளகினை எழுதியவரே சேர்த்திருக்க வேண்டும். பலர் சேர்ப்பதில்லை, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற எண்ணத்தில் சிலர் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். புறக்கோட்டைக் கடைக்கோ வெள்ளவத்தை ரியூஷன் வகுப்புக்கோ ஓடும் பழைய தளத்தைத் திறந்தால், மும்மொழி பிளகின், கட்டண வாயில், கூரியர் என மாற்றி மாற்றிப் போட்டவை எல்லாம் உள்ளே கிடக்கும். எந்த வழியில் இறங்கினாலும் முதலில் தரவுத்தளம் முழுவதையும் பேக்அப் எடுத்து, தளத்துக்கு வெளியே வையுங்கள்.

நல்ல வழிதான் யாருக்கும் முதலில் தோன்றாது: அதே பிளகினைத் திரும்ப நிறுவி, 'நீக்கும்போது தரவையும் அழி' என்ற அதன் சொந்த அமைப்பை இயக்கிவிட்டு நீக்குவது. பாதுகாப்பு பிளகினான வேர்ட்ஃபென்ஸிலும் பன்மொழி பிளகினான பொலிலாங்கிலும் இது உண்டு (வேர்ட்ஃபென்ஸில் செயலிழக்கச் செய்யும்போதே அழியும்). தன் தரவு எங்கெங்கே இருக்கிறது என்பது பிளகினுக்குத்தான் தெரியும். பொலிலாங் மொழிகளை வகைப்பாடுகளாக வைப்பதால், தனி அட்டவணை தேடினால் எதுவும் அகப்படாது. ஆனால் இணையக் கடை பிளகினான வூகொமர்ஸில் இதைச் செய்தால் ஓர்டர்களும் சேர்ந்து போகும். காசு கொடுத்து வாங்கி உரிமம் முடிந்த பிளகின் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது டபிள்யூபி-ஒப்டிமைஸ், அட்வான்ஸ்ட் டேட்டாபேஸ் கிளீனர் போன்ற தரவுத்தளம் துடைக்கும் கருவிகள். அட்டவணைப் பெயரை வைத்துத்தான் உரிமையாளரை ஊகிக்கின்றன. பிரபல பிளகின்களில் ஊகம் பெரும்பாலும் சரி. உங்கள் டெவலப்பர் தீமுக்குள் எழுதிய மாணவர் பதிவு அட்டவணையோ அநாதையாகத் தெரியும். அழுத்தினால் பதிவுகள் போய்விடும். பட்டியல் பார்க்க இவை நல்லவை. அழிக்கும் பொத்தானை நான் நம்பமாட்டேன்.

தரவுத்தளத்தை நேரடியாகத் திறக்கும் பிஎச்பிமைஅட்மின், ஹொஸ்டிங் நிர்வாகப் பலகையான சீபனல் உள்ள எல்லோரிடமும் பெரும்பாலும் உண்டு. முழு அட்டவணையை நீக்க இதுவே போதும். பிளகின் அமைப்புகள் சேரும் ஒப்ஷன்ஸ் அட்டவணைக்குள் வரிகளை அழிப்பதில்தான் பொறி. தேடும் கட்டளையில் 'எஸ்எல்_%' என்று லைக் போட்டால் எஸ்எல், அடிக்கோடு என்று தொடங்குபவை மட்டும் வராது. அடிக்கோடு எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்துவதால், ஆங்கிலத்தில் எஸ்எல் என்றே தொடங்கும் ஸ்லைடரின் அமைப்புகளும் மாட்டும். அடிக்கோட்டின் முன் பின்சாய்வுக்கோடு இட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாக ஏறும் ஒப்ஷன்களைக் காண 'ஆட்டோலோட் = யெஸ்' என்ற பழைய தேடலும் இப்போது பாதியைத்தான் காட்டும்: 2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பிலிருந்து ஒன், ஆட்டோ, ஆட்டோ-ஒன் என்ற மதிப்புகளும் உண்டு. தரவை நினைவகத்தில் நகலாக வைக்கும் ரெடிஸ் கேஷ் இருந்தால், நேரடியாக அழித்த வரி கேஷில் தொடர்ந்து உயிரோடு இருக்கும்.

வேர்ட்பிரஸைக் கட்டளை எழுதி இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயில் இந்தத் தொல்லை இல்லை. அழிக்கும்போதே கேஷையும் திருத்திவிடும். சேர்வருக்குள் நுழைந்து கட்டளை இட எஸ்எஸ்எச் அணுகல் வேண்டும், அல்லது ஹொஸ்டிங் நிறுவனம் சீபனலில் டெர்மினலைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். ஆட்டோலோட் ஆகும் ஒப்ஷன்களை அளவோடு பட்டியலிட்டுப் பெரியவற்றிலிருந்து பாருங்கள். சந்தேகமானதை உடனே அழிக்காமல் 'செட்-ஆட்டோலோட்' கட்டளையால் ஓஃப் ஆக்கி ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம். வேகத்தில் வரும் லாபம் அப்போதே வந்துவிடும். கிரோன் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) பட்டியலில் உரிமையாளர் இல்லாதவற்றையும் இங்கேயே நீக்கலாம்.

வேகம்தான் நோக்கம் என்றால் கவனிக்க வேண்டியது ஆட்டோலோட் மட்டுமே. அது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறுகிறது. 800 கேபியைத் தாண்டினால் வேர்ட்பிரஸின் சைட் ஹெல்த் பக்கம் எச்சரிக்கும். யாரும் தொடாத 50 எம்பி அட்டவணை பேக்அப்பைத்தான் கனமாக்கும், பக்கத்தை அல்ல. ஆனால் அளவு பார்க்காமல் நீக்க வேண்டியது ஒன்று உண்டு: கைவிட்ட கட்டண வாயிலின் அமைப்பு வரி. வூகொமர்ஸ் வாயில்களுக்கு அது 'வூகொமர்ஸ்_' என்று தொடங்கி '_செட்டிங்ஸ்' என்று முடியும். வணிகரின் இரகசியச் சாவி பெரும்பாலும் அதற்குள்தான். பழைய ஓர்டர்களில் உள்ள கட்டண விபரத்தைத் தொடாதீர்கள், கணக்குக்குத் தேவைப்படும்.

முழு அட்டவணையை நீக்கினால் இடம் உடனே கிடைக்கும். வரிகளை மட்டும் அழித்தால் கோப்பு சுருங்காது, ஒப்டிமைஸ் ரேபிள் என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். அது அட்டவணையைப் புதிதாக நகலெடுப்பதால் அதே அளவு வெற்றிடம் தேவை. இடம் நிரம்பிய ஷெயார்ட் ஹொஸ்டிங்கில் பாதியில் நின்றுவிடலாம். பழைய பேக்அப் கோப்புகளை முதலில் இறக்கி அகற்றிவிட்டு ஓட்டுங்கள்.