'கூகுள்ல முதல் இடம் கேரண்டி' என்று வருகிறவர்களிடம் உஷார்!

கோலாலம்பூரில் (கேஎல்) செந்தூல், செத்தாப்பாக் வட்டாரத்தில் சின்னதாகத் தொழில் நடத்தும் நம்மவர்கள் கட்டாயம் படியுங்கள். 6,800 வெள்ளி போச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவன். ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி ஆள் கடைக்கு வந்தார். நல்ல தமிழ். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். "காசே வேணாம்ணே, இன்னைக்கு ஒரு நாள் கூகுள்ல விளம்பரத்தைச் சும்மா ஓட்டிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் மறுநாள் வந்து, "உங்க போனைக் குடுங்க, என் போன்ல காட்டினா நம்ப மாட்டீங்க" என்றார். என் கடைப் பெயரைத் தட்டினார். உச்சியில் 'ஸ்பான்சர்ட்' (காசு கட்டிய விளம்பரம்) என்று போட்டு என் கடைப் பெயர், என் நம்பர்! வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அட, நம்ம கடைங்க!" என்றாள். அந்த இடத்திலேயே பேங்க் ஆப்பைத் திறந்து 6,800 அனுப்பினேன். 3,000 அவர்கள் கூலி, 3,800 விளம்பரக் காசு. இரண்டும் ஒரே கணக்குக்கு, அவர்கள் கணக்குக்கு.

இதில் இருக்கிற திருட்டு வேலையைக் கேளுங்கள். என் கடைப் பெயரைத் தட்டித் தேடுகிறவன் ஏற்கெனவே என்னைத் தெரிந்தவன். அந்தப் பெயருக்குக் காசு கட்டிப் போட்டி போட யார் வரப்போகிறார்கள்? அதில் முதலில் வர சில்லறைக் காசு போதும். 'ஏர்கோன் தண்ணி ஒழுகுது', 'கெமிக்கல் வாஷ் கேஎல்' (ஏர்கோனை ரசாயனம் போட்டுக் கழுவும் வேலை) என்று தேடும்போதுதான் உண்மையான போட்டி. அங்கே ஒவ்வொரு தேடலுக்கும் தனியாக ஏலம் நடக்கிறது. கட்டுகிற காசு மட்டும் பேசாது. விளம்பர வாசகம் தேடியதோடு பொருந்துகிறதா, தட்டினால் திறக்கிற பக்கம் உருப்படியாக இருக்கிறதா, எல்லாம் கணக்கில் வரும். குறைவாகக் கட்டியவன் மேலே நிற்பதும் உண்டு. அப்புறம் எங்கிருந்து வரும் கேரண்டி? தன் விளம்பரத்தை விற்கும் ஏஜென்சிகள் முதல் இடத்துக்கு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது என்று கூகுளே விதி வைத்திருக்கிறது!

இடத்தை உயர்த்தணும் என்றால் என் வெப்சைட்டில் கெமிக்கல் வாஷுக்கு விலையோடு தனிப் பக்கம் போட்டிருக்கணும். அந்தப் பக்கத்துக்கே விளம்பரத்தை இழுத்து விட்டிருக்கணும். அந்த வேலையில் யாரும் கை வைக்கவே இல்லை.

போன் வந்தது, வராமல் இல்லை. ஒருத்தர் வேலை காலியா என்று கேட்டார். ஒரு அம்மா ரிமோட் மட்டும் கிடைக்குமா என்றார். சென்னையிலிருந்துகூட ஒரு அழைப்பு. ஏஜென்சியைக் கேட்டால் "சிஸ்டம் கத்துக்கிட்டு இருக்குண்ணே, பொறுங்க." அடுத்து "கூகுள் அப்டேட்." அதற்கப்புறம் "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்." கடைசியில் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை.

நச்சரித்த பிறகு ஒரு ரிப்போர்ட் அனுப்பினார்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'சராசரி இடம் 1.2'. ஐடியில் வேலை செய்யும் என் அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இந்தக் கணக்கை கூகுள் விளம்பர ரிப்போர்ட்ல இருந்து 2019லேயே நீக்கிடுச்சு. இவங்க எங்கிருந்து எடுத்தாங்க?" கடைசிப் பக்கத்தில் மக்கள் தேடிய வார்த்தைகள்: 'ஜாவாத்தான் கோசோங் ஏர்கோன்' (மலாயில் ஏர்கோன் வேலை காலி), 'ஏர்கோன் கோர்ஸ்', 'ஏர்கோன் ரிமோட்'. இதுக்கெல்லாம் ஒவ்வொரு கிளிக்குக்கும் என் காசு! வேண்டாத வார்த்தைகளைத் தடுக்கும் பட்டியல் என்று ஒன்று உண்டு, அதில் ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. ஊர் செட்டிங்கும் அப்படித்தான். கேஎல்லில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றாவிட்டால், கேஎல் மேல் 'ஆர்வம்' உள்ள வெளியூர்க்காரர்களுக்கும் காட்டும். 3,800இல் உண்மையாக விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு என்று இன்று வரை சொல்லவில்லை. விளம்பர அக்கவுண்ட் அவர்களுடையது, உள்ளே போக எனக்கு வழியில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கேட்டுப் பார்த்தேன். அது சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்குத்தான், வியாபாரத்துக்கு வாங்கியது வராது என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நினைத்தாலே கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கவுண்ட் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கட்டும், ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். கூலியை விளம்பரக் காசோடு சேர்த்துக் கட்டாதீர்கள். டெமோ காட்டினால் கடைப் பெயரைத் தட்ட விடாதீர்கள், வேலையின் பெயரைத் தட்டச் சொல்லுங்கள்.

அதே ஆள் இப்போது கேட்டரிங், மணவறை அலங்காரம் செய்பவர்களிடம் போகிறாராம். 'சராசரி இடம்' போட்ட ரிப்போர்ட் யார் கையிலாவது இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போவோம். என் 6,800 எனக்கு வேணும்.