போர்க்கப்பலில் ஃபயர் ஸ்கவுட்: ஒரு மதிப்பீடு

நார்த்ராப் குரும்மன் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கிய ஃபயர் ஸ்கவுட் என்ற ஆளில்லா ஹெலிகாப்டர், கப்பலில் ஏற்கெனவே இருக்கும் ஹெலிகாப்டரின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்ற எதிர்பார்ப்போடு வந்தது. அந்தச் சுமை குறைந்ததா என்பதே இதை எடைபோடுவதற்குச் சரியான அளவுகோல் என்று கருதுகிறேன்.

தொடக்கம் நம்பிக்கை தந்தது. மெக்கினர்னி என்ற போர்க்கப்பலில் 2009இல் ஏற்றப்பட்ட எம்.க்யூ-8பி என்ற ஃபயர் ஸ்கவுட் வகை, 2010 ஏப்ரலில் கிழக்குப் பசிபிக்கில் சோதனைக்காகப் பறந்தபோதே போதைப்பொருள் கடத்தும் படகொன்றைக் கண்டு, படகிலிருந்தவர்கள் அறியாமல் பின்தொடர்ந்தது; அந்த நடவடிக்கையில் 60 கிலோ கொக்கைன் பிடிபட்டது. மணிக்கணக்கில் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இத்தகைய வேலையில் விமானிகளைச் சோர்வடையச் செய்யத் தேவையில்லை. 2011 ஜூனில் லிபியாவில் ஒரு ஃபயர் ஸ்கவுட் விழுந்தபோது எந்த வீட்டுக்கும் துயரச் செய்தி போகவில்லை. ஆளில்லா விமானத்துக்காகப் பேசும் காரணங்களில் என் மனத்தில் முதலில் நிற்பது இதுதான்.

குறைகளும் உண்டு. 2010 ஆகஸ்டில் மென்பொருள் பிழையால் தொடர்பிழந்த ஒன்று, வாஷிங்டனைச் சுற்றியுள்ள தடைசெய்யப்பட்ட வான்பகுதிவரை சென்றது. 2012இல் சிம்ப்சன் கப்பலின் ஃபயர் ஸ்கவுட், தானாக இறங்குவதற்கான அமைப்புடன் இணைய முடியாமல் போனதால், வேண்டுமென்றே கடலில் இறக்கப்பட்டது. ஆனால் இவை காலப்போக்கில் திருத்தக்கூடியவை.

திருத்த முடியாத குறை, அதன் உடல். எம்.க்யூ-8பி சிறிய ஷ்வைட்சர் ஹெலிகாப்டரிலிருந்தும், அடுத்து வந்த எம்.க்யூ-8சி பெல் 407இலிருந்தும் பிறந்தவை. பின்னது முழுச் சுமையோடு ஏறத்தாழ 2,700 கிலோ. 12 மணி நேரம் பறக்கும் என்பது உண்மையிலேயே பெரிய பலம். ஆயினும் ஒன்றிரண்டு ஹெலிகாப்டர்களுக்கே இடமுள்ள கப்பலில் ஹேங்கர் எனப்படும் நிறுத்துமிடம், எரிபொருள், உதிரி பாகங்கள், பழுதுபார்ப்போர் என அனைத்திலும் அது பங்கு கேட்கிறது. விமானிகள் ஓட்டும் கடற்படை ஹெலிகாப்டரான எம்.எச்-60ஆர் போல, ஒலியால் தேடும் சோனார் கருவியை நீரில் இறக்கி நீர்மூழ்கியைத் தேடவோ, டார்பிடோ வீசவோ, கடலில் விழுந்த மாலுமியைத் தூக்கிவரவோ அதனால் இயலாது. 2014இல் ஃபோர்ட் வொர்த் என்ற போர்க்கப்பல் எம்.எச்-60ஆர், எம்.க்யூ-8பி இரண்டையும் ஒன்றாகச் சுமந்து புறப்பட்டது. பரந்த தளம் கொண்ட அத்தகைய கப்பலுக்கு இது பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது.

துணைக்கு ஆளில்லா விமானம் வேண்டும், ஆனால் அது சிறியதாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. இன்சிட்டு நிறுவனத்தின் ஸ்கேன்ஈகிள் சுமார் 20 கிலோ எடைதான். உந்துகருவி அதை வானில் ஏவுகிறது, திரும்பும்போது இறக்கை நுனியிலுள்ள கொக்கி செங்குத்தாகத் தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொள்கிறது. ஹெலிகாப்டரின் இடத்தைப் பறிக்காமல் 20 மணி நேரத்துக்கும் மேல் அது வானில் நிற்கும். சோமாலியக் கடற்கொள்ளையர்கள் 2009இல் மெர்ஸ்க் அலபாமா கப்பலின் தலைவரை உயிர்காப்புப் படகில் பிடித்துவைத்திருந்தபோது, பெயின்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அந்தப் படகைக் கண்காணிக்கப் பயன்படுத்தியது இதையே. கனமான ரேடாரையோ ஆயுதத்தையோ அது சுமக்காது என்பது உண்மைதான்; அவற்றுக்காகத்தான் பக்கத்தில் ஹெலிகாப்டர் காத்திருக்கிறது.