போர்வெல் மோட்டாரின் ஆம்பியரை அளக்க ஹால் சிப்பா, சி.டி.யா?

பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கம் போரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் மோட்டார் சும்மா ஓடி காயில் போவது புதிதல்ல. ஆம்பியரைப் பார்த்துத் தானே நிறுத்தும் போர்டு செய்யலாம்தான். ஆனால் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆம்பியர் பூஜ்யமாகாது. காந்தப்புலத்துக்கான மின்னோட்டத்தை மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும். எட்டு ஆம்பியர் ஐந்தோ ஆறோ ஆவதைத்தான் பிடிக்கவேண்டும். ஸ்கேலிங், அதாவது சென்சார் தரும் சிக்னலை போர்டு படிக்கும் அளவுக்குப் பொருத்துவது, சரியில்லை என்றால் அந்த வித்தியாசம் இரைச்சலில் கரைந்துவிடும்.

பலரும் முதலில் வாங்குவது ஏ.சி.எஸ்.712 மாட்யூல். காந்தப்புலத்தை வைத்து ஆம்பியரை அளக்கும் ஹால் சிப் இதுதான். 30 ஆம்பியர் வகையில் ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட், நடுப்புள்ளி (ஓட்டம் இல்லாதபோது தரும் வோல்ட்) 2.5 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் கன்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ ஊனோவில் நேராகப் போகும். ஈ.எஸ்.பி.32 போர்டு என்றால் 3.3 வோல்ட்தான் எல்லை. 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் போட்டு மூன்றில் இரண்டாகக் குறைத்தால் ஆம்பியருக்கு 44 மில்லிவோல்ட்தான் மிஞ்சும். சப்ளை ஆடினால் நடுப்புள்ளியும் சேர்ந்து ஆடும். அதைவிட, 415 வோல்ட் லைனை வெட்டி அந்தச் சின்ன போர்டுக்குள் நுழைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

என் ஓட்டு சி.டி.க்கு, அதாவது ஒயரை வெட்டாமல் சுற்றிக் கவ்வி அளக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மருக்கு. எஸ்.சி.டி.013-000 கவ்வி 100 ஆம்பியருக்கு 50 மில்லிஆம்பியர் தரும், அதாவது 2000-க்கு 1. எட்டு ஆம்பியருக்கு 4 மில்லிஆம்பியர்தான். அந்த ஓட்டத்தை வோல்ட்டாக மாற்றும் வழக்கமான 33 ஓம் பர்டன் ரெசிஸ்டரில் அது 0.13 வோல்ட், வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.க்குச் சோளப்பொரி. இங்கே ஒரு சுலபமான வழி உண்டு: ஒரு பேஸ் ஒயரை மட்டும் கவ்விக்குள் மூன்று சுற்று விடுங்கள். ஓட்டம் மும்மடங்காகத் தெரியும். பர்டன் 68 ஓம் என்றால் 0.82 வோல்ட், உச்சம் 1.15. நடுப்புள்ளியை 1.65-இல் வைத்தால் 11 ஆம்பியர் வரை வெட்டுப்படாது. நிரலில் வோல்ட்டைப் பெருக்க வேண்டிய எண், 2000-ஐ 204-ஆல் (மூன்று சுற்று, 68 ஓம் பெருக்கியது) வகுத்தது: 9.8. கிளாம்ப் மீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டிங்கில் ஆம்பியர் ஐந்தாறு மடங்கு எகிறும். ஏ.டி.சி. பின்னைக் காக்க, கூடுதல் வோல்ட்டைத் தடுக்கும் கிளாம்ப் டயோடு போடுங்கள், அந்த நேர அளவை நிரல் விட்டுவிடட்டும். லைன் ஓடும்போது பர்டனைக் கழற்றாதீர்கள், வோல்ட் ஆபத்தாக ஏறும்.

லைன் வோல்ட்டையும் அளக்க வெறும் ரெசிஸ்டர் டிவைடர் மலிவு, ஆனால் போர்டே மெயினோடு ஒட்டிவிடும். தொட்டால் அடிக்கும். இசட்.எம்.பி.டி.101பி என்ற சின்ன டிரான்ஸ்பார்மர் மாட்யூல் பிரித்துவைக்கும். அதன் டிரிம்மரை (அளவைத் திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) மாலையில் ஒரு பேஸில் 180 வோல்ட் வரும்போது நிறைத்துத் திருப்பினால், நடுராத்திரி 250 ஏறும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் குறைவாகக் காட்டும். 270-க்கு இடம் விட்டுத் திருப்புங்கள்.