நாலு கோடையாக ஒரு மின்மோட்டர்

2021 வசந்தத்தில் 12 அடி அலுமினியப் படகொன்றுக்கு மின்மோட்டர் வாங்கினேன். நாலு கோடை ஓடிவிட்டது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே இருக்கும் ஸ்கூகொக் ஏரிதான் பெரும்பாலும் நாங்கள் போகும் இடம். லின்ட்சேயில் 1830களில் கட்டிய ஆலை அணையால் தாழ்நிலமெல்லாம் மூழ்கிப் பெருத்த ஏரி. ஆழம் குறைவு, பாசி அதிகம். பெற்றோல் எஞ்சின் சத்தம் போட்டால் பாஸ் மீன் எங்கேயோ போய்விடும்.

உந்துவிசைக் கணக்கில்தான் எல்லோரும் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். 100 பவுண்ட் எடைக்குக் குறைந்தது 2 பவுண்ட் விசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. படகு, இரண்டு ஆட்கள், பற்றரி, சாமான் எல்லாம் சேர்ந்து 700 பவுண்ட். அதற்கு 14 போதும். ஆனால் காற்று அந்தக் கணக்கில் இல்லை. அதனால் 12 வோல்ட்டில் கிடைப்பதில் பெரியதான 55 பவுண்ட் விசை மோட்டரை எடுத்தேன். அதற்காக வேகமாகப் போகும் என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 6 கிலோமீற்றர் வந்தாலே பெரிய விஷயம். கூடுதல் விசை எதிர்காற்றில் தாக்குப்பிடிக்கத்தான். முதல் நாள் ஏறிய அண்ணை, "தம்பி, இது மோட்டரோ கிறைண்டரோ?" என்று கேட்டார். அந்தச் சத்தமும் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கேட்கும்.

தண்டு 36 அங்குலம் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. மோட்டரின் விசிறியுள்ள அடிப்பாகம் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறி காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். நீளமானதை உயர்த்திக் கட்டலாம், கட்டையானதை நீட்ட முடியாது.

பொருத்தியதில்தான் நான் பிழைவிட்டேன். பின்பலகையின் அலுமினியம் மெல்லியது, அதனால் மோட்டரைப் பிடிக்கும் இறுக்கிக்கு அணையாக இரண்டு பக்கமும் பலகை வைத்தேன். வீட்டு டெக் கட்டியபோது மிஞ்சிய, உக்காமல் இருக்க மருந்தேற்றிய பச்சை நிற மரம். ஒரு பருவம் முடிந்து கழற்றினால் அடியில் வெள்ளைத் தூள்! அந்த மரத்துக்குப் போடும் மருந்தில் செம்பு இருக்கிறது, ஈரம் பட்டால் அது அலுமினியத்தை அரிக்கும். இப்போது இருப்பது தடித்த பிளாஸ்டிக் பலகை. இறுக்கியையும் ஒவ்வொரு முறையும் கையால் முறுக்கிப் பார்ப்பேன். ஒருநாள் அது தளர்ந்து மோட்டர் சரிந்தபோது, படகோடு கட்டியிருந்த நைலோன் கயிறுதான் காப்பாற்றியது.

அடுத்த பிழை, பற்றரியையும் பின்னால் வைத்தது. நான், மோட்டர், 29 கிலோ ஈயப் பற்றரி, மூன்றும் அமரத்தில், அதாவது படகின் பின்பக்கம். முன்பக்கமான அணியம் வானத்தைப் பார்க்கும், காற்று வந்து அதைத் திருப்பிவிடும். பற்றரியை முன்னால் கொண்டுபோக ஐந்து மீற்றர் வயர் வேண்டியிருந்தது. கடைக்காரர் 10 கேஜ் போதும் என்றார் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிப்பு). முழு வேகத்தில் 40 அம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டர், வயர் சுட்டது. மீற்றர் வைத்துப் பார்த்தால் பற்றரியில் 12.4, மோட்டரில் 11.1 வோல்ட். 6 கேஜுக்கு மாற்றிய பிறகு இழப்பு அரை வோல்ட்தான். பற்றரிக்குப் பக்கத்திலேயே மின்சாரம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் 60 அம்பியர் பிரேக்கரும் போட்டிருக்கிறேன், அதை விடவே கூடாது.

தண்டின் மேல் முனையில் கைபிடியோடு இருக்கும் மோட்டரின் தலையைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டலாம் என்பதை இரண்டாம் வருடம்தான் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு போல்ட். அப்புறம் படகு அமரம் முன்னாக நகரும், மோட்டர் இழுத்துக்கொண்டு போகும். மாட்டைப் பின்னால் நின்று தள்ளுவதற்கும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. பாசி ஓரமாக மெல்ல மெல்ல நகர இதைவிட வசதி இல்லை. அலை எழும்பினால் மட்டும் வேண்டாம், தட்டையான பின்பலகைக்கு மேலால் தண்ணீர் உள்ளே வரும்.

ஜூலை நடுவில் பாசி விசிறியில் சுற்றும். ஒரு நொடி பின்னோக்கி ஓட்டினால் பாதி தானாகவே கழன்றுவிடும். அதைவிடக் கெடுதல் தூண்டில் நரம்பு. விசிறிக்குப் பின்னால் சுருண்டு, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுக்கும், உள்ளே தண்ணீர் போகும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, சீல் மாற்ற வேண்டி வந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் விசிறியைக் கழற்றிப் பார்க்கிறேன்.

மூன்றாம் வருடம் லிதியம் பற்றரிக்கு மாறினேன். 12 கிலோ. ஈயப் பற்றரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், இதில் அந்தக் கவலை இல்லை. ஆனால் குளிர் பூச்சியம் பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சார்ஜ் பண்ணக்கூடாது. அதனால் குளிர்காலம் முழுக்க அது எங்கள் வீட்டு அலுமாரியில், குளிர் உடுப்புகளுக்குப் பக்கத்தில். மனைவிக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

இன்னொன்று: சத்தமில்லாத மின்மோட்டர்தானே என்று நினைத்து, படகு ஓட்டுநர் அட்டை இல்லாமல் கனடாவில் ஏரியில் இறங்காதீர்கள். இதற்கும் அது வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அண்ணை துடுப்பைக் கரையில் விட்டுவர மறுக்கிறார். போன செப்டெம்பரில் பிரேக்கர் விழுந்து, அதை மறுபடி தட்ட மறந்து அரைமணி நேரம் விழித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் துடுப்புதான் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தது.