கப்பல் சிக்னலுக்கு எது தோது: எஸ்எம்ஏ மொடியூலா, கட்டத் தட்டா, செம்புத் தகடா?

திருகோணமலையில் இருந்துகொண்டு ஆர்எப் (ரேடியோ அலைச் சுற்றுகள்) பழக ஆசைப்படுபவருக்குக் கப்பல்களின் ஏஐஎஸ்ஸை விட நல்ல சிக்னல் கிடைக்காது. கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் தாங்களே சொல்லிக்கொண்டு போகின்றன. சீனக்குடாவில் பிறீமா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலும் அப்படித்தான். உவர்மலையில் ஒரு மொட்டைமாடி கிடைத்தால் போதும். அன்டெனா, எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி), வேண்டாத அலைவரிசைகளைத் தடுக்கும் பில்டர், கேபிள், கடைசியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் மலிவு ரிசீவர்). இந்த ஐந்தையும் எதன்மேல் கோர்த்துச் சோதிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

கம்பிகளைத் துளையில் செருகிச் சுற்றுக் கட்டும் பிரெட்போர்டை முதலிலேயே தள்ளிவிடலாம். அதில் 2 சென்டிமீட்டர் கம்பி ஒன்று ஏறக்குறைய 20 நானோஹென்றி தூண்டல். 162 மெகாஹெர்ட்ஸில் அது 20 ஓம் தடை போலாகும். 50 ஓம் சுற்றில் இதை வைத்துக்கொண்டு எதை அளப்பது?

எஸ்எம்ஏ (திருகிப் பூட்டும் சிறு ஆர்எப் இணைப்பி) முனையுள்ள மொடியூல்கள்தான் என் முதல் தெரிவு. மினி-சர்க்யூட்ஸின் உலோகப் பெட்டியாக இருக்கலாம், எஸ்பிஎஃப்5189இசட் சிப் வைத்த மலிவான சீனப் பலகையாகவும் இருக்கலாம். இவற்றின் பெரிய லாபம், வரிசையை மாற்றிப் பார்ப்பது. எல்என்ஏயின் நொய்ஸ் ஃபிகர் (தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு, குறைந்தால் நல்லது) 1 டெசிபெல், பெருக்கம் 20 டெசிபெல். பில்டர் இழப்பு 2. ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டருக்கு இழப்பு 4. ரிசீவரின் நொய்ஸ் ஃபிகர் 6 என்று வைத்துக்கொள்வோம். எல்என்ஏயைக் கீழே மேசையில், பில்டருக்கு முன்னால் வைத்தால் மொத்த நொய்ஸ் ஃபிகர் 5.2 டெசிபெல். மேலே அன்டெனாவடியில் பில்டர், பிறகு எல்என்ஏ என்றால் 3.3. எல்என்ஏ முதலில், பில்டர் பின்னால் என்றால் 1.5தான். கணக்கு இப்படிச் சொன்னாலும், எப்எம் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற வீட்டில் அகலப்பட்டை எல்என்ஏயை வெறுமனே முதலில் வைத்தால் அதுவே திணறக்கூடும். அங்கே பில்டர்தான் முன்னால் வரவேண்டும். எந்த வீடு எந்த ரகம் என்பதைக் காகிதத்தில் தீர்மானிக்க முடியாது. மொடியூல் இருந்தால் இரண்டு நட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடலாம்.

மலிவுப் பலகையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். நானோவிஎன்ஏ (ஆர்எப் சுற்றுகளை அளக்கும் சிறு கருவி) ஒன்றை இரவல் வாங்கியாவது பில்டரின் இழப்பை அளந்துவிட்டுப் பூட்டுங்கள். முனையைப் பூட்டும்போது நட்டை மட்டும் திருப்ப வேண்டும். பலகையையே பிடித்துச் சுழற்றினால் நடு ஊசி உராய்ந்து தேயும். வைஃபை அன்டெனாக்களில் வரும் ஆர்பி-எஸ்எம்ஏ வெளியில் பார்க்க அச்சொட்டாக இதேபோல் இருக்கும், ஆனால் ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும். பூட்டிவிடலாம், சிக்னல் வராது. இங்கத்தைய உப்புக்காற்று வேறு. மொட்டைமாடியில் வைக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றாவிட்டால் முனை பச்சை பூக்கும்.

அடுத்தது கட்டத் தட்டு. எக்ஸ்-மைக்ரோவேவ் போன்றவர்கள் செய்வது இது: துளைகள் வரிசையாக உள்ள உலோகத் தட்டில் சிறு சுற்றுத் துண்டுகளைத் திருகி, நடுவே சாலிடர் இல்லாத கிரவுண்ட்-சிக்னல்-கிரவுண்ட் இணைப்பால் தொடுப்பார்கள். அழகான ஏற்பாடு. 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 3 சென்டிமீட்டர். அங்கே ஒவ்வொரு எஸ்எம்ஏ மூட்டும் சுற்றின் ஒரு பகுதியாகிவிடும், ஆகவே தட்டு தன் விலைக்குப் பெறுமதி. துண்டின் வடிவத்தை அப்படியே இறுதிப் பிசிபிக்கும் (அச்சிட்ட சுற்றுப் பலகைக்கும்) கொண்டுபோகலாம். நமது 162 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.85 மீட்டர். மூட்டின் 2 சென்டிமீட்டரை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? ரேடார், செயற்கைக்கோள் என்று போகும் ஆய்வுகூடம் வாங்கட்டும். தனியாள் கையைக் கடித்துக்கொள்ளத் தேவையில்லை.

செம்புத் தகடு மூன்றாவது: வெற்றுச் செம்புத் தகட்டையே கிரவுண்டாக வைத்து அதன்மேல் சுற்றைக் கட்டுவது. விலையில் இதற்கு நிகரில்லை. எஸ்பிஎஃப்5189இசட் சிப்பின் அகன்ற நடுக்கால் கிரவுண்ட். அதைத் தகட்டோடு படிய வைத்து நேரே சாலிடர் பண்ணி, உள்ளே வரும் காலுக்கும் வெளியே போகும் காலுக்கும் அடியில் பிளேடால் இரண்டு சிறு தீவுகள் வெட்டினால் பாதி வேலை முடிந்தது. கிரவுண்ட் சொதப்பினால் எல்என்ஏ தானாகவே சிக்னல் உண்டாக்கி ஊளையிடத் தொடங்கும். வரிசை முடிவாகாத நிலையில் இதில் இறங்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாலிடர் உறிஞ்சியைத் தூக்க வேண்டும். ஆகவே மொடியூலில் வரிசையைத் தீர்மானித்து, பெட்டிக்குள் நிரந்தரமாக வைக்கப்போவதைத் தகட்டில் கட்டுவது என் வழி. நேராகப் பிசிபி அடிப்பது அதற்கும் பிறகுதான். பலகை தபாலில் வரும்வரை காத்திருந்து, வரிசை பிழை என்று கண்டுபிடிப்பதில் என்ன பிரயோசனம்?

மொடியூல் பக்கம் போகிறவர்கள் ஓடர் போடும்போது பயஸ்-டீ ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள எல்என்ஏக்கு மின்சாரம் கேபிள் வழியாகவே போய்விடும். எஸ்எம்ஏ ஆண்-ஆண் இணைப்பிகளும் நாலைந்து வேண்டும். பலகைகள் பெரும்பாலும் இருபுறமும் பெண் முனையோடுதான் வரும்.