இரண்டு அங்குலம் குறைத்த ஸ்டியரிங், இரண்டு ஆண்டுக்குப் பிறகு

சங்ககிரி நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். அவருடைய அப்பா காலத்து லாரியின் ஸ்டியரிங் சக்கரம், அதன் மேல் ஓடு முழுக்க விரிசல். கூடவே ஒரு கேள்வி: “அண்ணா, நீங்கள் செய்ததுபோல நானும் இதைச் சின்னதாக்கிவிடலாமா? வயிறு இடிக்கிறது.” போனிலேயே பதில் சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் என் சின்னச் சக்கரத்தைப் புகழ்ந்தேன், அடுத்த கால் மணி நேரம் அதையே திட்டினேன். மனிதர் குழம்பிப்போய் வைத்துவிட்டார். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

எங்களுடையது 1966 டாட்டா பென்ஸ், எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு வைத்த வண்டி. டெல்கோவும் (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. அதற்கு முந்தைய வண்டி என்பதால் முகப்பில் இன்னும் அந்த பென்ஸ் நட்சத்திரம் இருக்கிறது. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவனை யாரும் எடுப்பதில்லை. இப்போது மாதம் இரண்டு நடை, அறுவடைக் காலத்தில் நான்கு. காப்பி, மிளகு, சில்வர் ஓக் விறகு, அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தக் காலத்தில் இந்த வண்டிகள் கேபின் இல்லாமல்தான் வரும். கேபினை இங்கே ஆசாரிகள் மரத்தில் கட்டுவார்கள். எங்கள் வண்டியின் சீட்டுப் பலகையை அப்பாவை உட்காரவைத்து அளவெடுத்து அடித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இடுப்பு 28 அங்குலம். என் அளவு இங்கே தேவையில்லை. ஸ்டியரிங்கின் கீழ் விளிம்பு என் வயிற்றில் பதிந்து, முழுச் சுற்று சுற்றும்போது சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பது மட்டும் போதும்.

சக்கரத்தின் மேல் ஓடும் போயிருந்தது. உள்ளே இரும்புக் கம்பி, மேலே கறுப்பு ஓடு. வெயிலில் ஓடு இரும்பைவிடப் பல மடங்கு விரியும், குளிரில் அதே போலச் சுருங்கும். பகலில் சேலம் செவ்வாய்பேட்டையில் சரக்கு இறக்கக் காத்திருந்து காயும் வண்டி, இரவில் ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் பனியில் நிற்கிறது. இப்படி ஐம்பது ஆண்டு போனால் எந்த ஓடு தாங்கும்? ஆரக்கால்கள் சேரும் மூன்று இடத்திலும் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. சரி, எப்படியும் கழற்றத்தான் போகிறோம், சின்னதாகவும் ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். புத்தி போன இடம் அதுதான்.

சீலநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. அங்கிருந்த பெரியவர் சக்கரத்தைத் தரையில் வைத்துச் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். கம்பியின் நடுவிலிருந்து நடுவுக்கு 22 அங்குலம். அதை 20 ஆக்க வேண்டுமானால் சுற்றளவில் 6.28 அங்குலம் போக வேண்டும். அதை ஒரே இடத்தில் வெட்டினால் கால்களின் இடைவெளி கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு இரண்டு காலுக்கும் நடுவே 2.1 அங்குலம் வெட்ட வேண்டும், ஒவ்வொரு காலிலும் ஓர் அங்குலம் குறைக்க வேண்டும். கம்பி முனைகளை வெறுமனே ஒட்டவைத்துப் பற்றவைக்கவில்லை. இரண்டு முனையிலும் துளை போட்டு, உள்ளே ஒரு பின் செருகி, அதன் மேல் வெல்டிங் வைத்தார். முடிந்ததும் சக்கரத்தை வைஸில் கவ்வவைத்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். எனக்கு அப்போது அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. இன்றும் குறையவில்லை, அடுத்த பத்தியைப் படித்த பிறகு நம்புவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம்.

பிரச்சினை வளைவில். 22 அங்குல வட்டத்துக்கு வளைத்த கம்பியைச் சும்மா வெட்டிச் சேர்த்தால் அது 20 அங்குல வட்டம் ஆகிவிடாது. மிச்சமிருக்கும் துண்டுகள் மூன்றும் சேர்ந்து 327 பாகைதான் வளைந்திருக்கும். பாக்கி 33 பாகை எங்கே போகும்? மூன்று இணைப்புக்கும் தலைக்குப் பதினொன்றாகப் பிரிந்து முனையாக நிற்கும். வட்டம் லேசான முக்கோணமாகிவிடும். பெரியவருக்கு இது தெரியும். துண்டுகளை இரும்புத் தகட்டில் வரைந்த வட்டத்தின் மேல் வைத்துத் தட்டி வளைத்தார். ஆனால் எந்தக் கம்பியிலும் கடைசி ஒன்றரை அங்குலம் சொன்னபடி கேட்காது. பிடித்து வளைக்க அங்கே நீளமே இருக்காது. அந்த நேரான முனைகள் இரண்டு சந்திக்கும் இடம்தான் இணைப்பு.

கண்ணுக்குத் தெரியாது. பட்டி பூசி, தேய்த்து, கறுப்பு அடித்த பிறகு பத்துப் பேரிடம் காட்டினேன். பத்துப் பேரும் வட்டம் என்றார்கள். உள்ளங்கைக்குத் தெரிகிறது. நேராக ஓட்டும்போது ஒன்றுமில்லை. கொண்டை ஊசி வளைவில் சக்கரத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கும்போது, கட்டை விரலின் அடியில் மெதுவாக ஒரு மேடு வந்து போகும். ஒரு சுற்றுக்கு மூன்று முறை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். பல்லில் மாட்டிக்கொண்ட பாக்குத்தூளை நாக்கு விடாமல் தேடுமே, அப்படி என் கை அந்த மேட்டைத் தேட ஆரம்பித்துவிட்டது. மூன்றிலும் மோசமானது கடிகாரத்தில் நான்கு மணி முள் இருக்கும் இடத்து இணைப்பு.

பாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்ன சக்கரம் என்றால் சீக்கிரம் திரும்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். சுற்று எண்ணிக்கை அதேதான், ஸ்டியரிங் கியர் பெட்டியை யாரும் மாற்றவில்லையே. கை நகரும் தூரம் சுற்றுக்கு ஆறே கால் அங்குலம் குறைகிறது, அதற்குப் பதிலாகப் பத்து சதவீதம் கூடுதல் பலம் கேட்கிறது. காகிதத்தில் பத்து சதவீதம் ஒன்றுமே இல்லை. மே மாதம், கோடை விழாக் கூட்டம். வளைவின் நடுவில் நான் ஏறிக்கொண்டிருக்கிறேன், மேலிருந்து ஒரு கார் வந்து நேரெதிரே நின்றது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைக்குப் புதியவர்களுக்கு எங்கே தெரிகிறது? நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப வேண்டியதாயிற்று. உருளாத டயரைத் திருப்புவது எப்படியென்று பவர் ஸ்டியரிங் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு கையும் போதாமல் சீட்டிலிருந்து எழுந்து நின்று இழுத்தேன். காருக்குள் இருந்த குழந்தை கைதட்டியது.

நியாயமாகப் பேசினால், பாதிக் குற்றம் என்னுடையது. கிங் பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சு ஆணி) நான்கு மாதமாகக் கிரீஸ் அடிக்கவில்லை, முன் டயர்களில் காற்றும் குறைவு. இரண்டையும் சரிசெய்தபின் பாரம் கணிசமாகக் குறைந்தது. மேடு குறையவில்லை.

பெயின்ட் வேலை தனிக் கதை, அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முதலில் அடித்துக் கொடுத்த இடத்தில் ஏதோ ஒரு சாதாரண பெயின்ட். ஏப்ரல் வெயிலில் இளகி உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. மறுபடி சுரண்டி, விரிசல்களை வி வடிவில் கீறி, எபாக்சி நிரப்பி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர்த்தாள் தேய்த்து, கடைசியில் கார் பெயின்டே அடித்தேன். அது இன்றுவரை நிற்கிறது. மொத்தச் செலவில் பாதிக்கு ஒரு புதுச் சக்கரம் வந்திருக்கும் என்று என் மனைவி இதுவரை மூன்று முறை சொல்லியிருக்கிறாள்.

எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. பழைய சக்கரத்தின் மேல் விளிம்பு ஆயில் பிரஷர் மீட்டரைச் சரியாகப் பாதியில் மறைக்கும். அப்பா அதைக் குனிந்து குனிந்துதான் பார்ப்பார். இப்போது முழு முள்ளும் தெரிகிறது. விளிம்பின் அடியில் விரல் பதியும் பள்ளங்களும் தப்பிவிட்டன. அவற்றில் பட்டியோ பெயின்டோ கனமாக ஏறக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதிகாலைக் குளிரில் அந்தப் பள்ளங்களில் விரல் போய் உட்காரும் சுகத்துக்கு வேறு எந்த வண்டியிலும் ஈடில்லை. வயிறும் இடிக்கவில்லை.

போன ஆண்டு கேபினில் ஒரு பலகை மாற்ற வந்த ஆசாரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சீட்டின் அடியில் குனிந்து பார்த்தார். “நான்கு போல்ட்தானே? இரண்டு அங்குலம் பின்னால் தள்ளியிருக்கலாமே” என்றார். பின்னால் அந்த அளவுக்கு இடம் இருக்கிறது. அதுவரை நான் பார்த்ததே இல்லை. அன்று அவருக்கு டீகூட வாங்கித் தரவில்லை.

எனவே தம்பி, விரிசலை அடை, பெயின்ட் அடி, அளவில் கைவைக்காதே. சீட்டைத் தள்ளு. என்னுடையதை மட்டும் யாராவது 22 அங்குலச் சக்கரத்தோடு வந்து மாற்றித் தருகிறேன் என்றால் கொடுக்கமாட்டேன், அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை உன் சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவா. தண்டிலிருந்து சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லர் என்னிடம் இருக்கிறது, முன்னதாகவே வந்து வாங்கிப் போ. கழற்றுவதற்கு முன் சக்கரத்தின் நடுக்குடத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடு. இல்லாவிட்டால் மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்து, நேரான சாலையில் கோணலாக நிற்கும். வெட்டி எடுத்த மூன்று துண்டுகளையும் டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன், வரும்போது காட்டுகிறேன். நான்கு மணி இணைப்பின் இரு பக்கமும் எபாக்சி ஏற்றிச் சமப்படுத்த முடியுமா என்று பெரியவரைக் கேட்க நானும் அன்று பட்டறைக்குத்தான் போகிறேன்.