கணவர் அடுப்பில், மனைவி கல்லாவில்: அமெரிக்கக் குடும்பம் உணவகம் வைக்க ஏற்ற நாடு எது?

அமெரிக்காவை விட்டுக் கிளம்பி, வேறு நாட்டில் முப்பது பேர் உட்காரும் சின்ன உணவகம் ஒன்றை வைத்துப் பிழைக்கலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் வாடகையில்தான் கணக்கைத் தொடங்குகின்றன. அப்புறம் இறைச்சி விலை, பிள்ளைகளின் பள்ளி, கடற்கரை எவ்வளவு தூரம் என்று போகும். இவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: அந்த வீட்டில் எத்தனை பேர் அந்தக் கடைக்குள் சட்டப்படி வேலை செய்யலாம்?

ஏனென்றால் குடும்ப உணவகம் முதல் சில வருடங்களைத் தாண்டுவதே வீட்டு ஆட்களின் உழைப்பால்தான். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவுபவர் வரவில்லை என்றால், கல்லாவில் இருக்கும் மனைவி எழுந்து போய்க் கழுவுவார். மகள் மேசைகளைக் கவனிப்பாள். அந்த மனைவிக்கு வேலை செய்யும் அனுமதி இல்லாவிட்டால், அவர் தொட்டி அருகே போவதே சட்டமீறல் ஆகிவிடும். ஆகவே நெதர்லாந்து, தாய்லாந்து, மெக்ஸிகோ ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன். முதல் இரண்டு நாடுகளும் அமெரிக்கர்களுக்கென்று தனி ஒப்பந்த வழி வைத்திருக்கின்றன. மெக்ஸிகோவில் அமெரிக்கர்கள் ஏற்கெனவே கூட்டமாக வாழ்கிறார்கள்.

ஜப்பானையும் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். 2025 அக்டோபர் வரை 50 லட்சம் யென் மூலதனத்தோடு அங்கே தொழில் மேலாளர் விசா கிடைத்தது. இப்போது 3 கோடி யென் வேண்டும், முழுநேர ஊழியர் ஒருவராவது வேண்டும், விண்ணப்பிப்பவரோ ஊழியரோ நன்றாக ஜப்பானிய மொழி பேச வேண்டும். சின்னக் குடும்பத்துக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

நெதர்லாந்து: நுழைவது எளிது, ஆள் வைப்பது கடினம்

1956-இல் கையெழுத்தான டச்சு–அமெரிக்க நட்பு ஒப்பந்தம்தான் இங்கே வழி. தனி உரிமையாளராகத் தொழில் தொடங்கும் அமெரிக்கர் 4,500 யூரோவைத் தொழில் வங்கிக் கணக்கில் போட்டு, அதற்குக் கீழே இறங்காமல் வைத்திருக்க வேண்டும். வணிகப் பதிவகத்தில் பதிய வேண்டும். இரண்டு வருடக் குடியிருப்பு அனுமதி கிடைக்கும், பிறகு நீட்டிக்கலாம். அனுமதி வாங்கியவர் சொந்தத் தொழில் மட்டுமே செய்யலாம். கூட வரும் கணவரோ மனைவியோ எந்த வேலையும் செய்யலாம், தனியாக ஒர்க் பெர்மிட் வேண்டியதில்லை. நம் கேள்விக்கு மூன்று நாடுகளிலும் கிடைக்கும் மிக நல்ல பதில் இதுதான். ஒருவர் அடுப்பில் நிற்க, இன்னொருவர் தேவைப்பட்டால் வெளியே ஒரு வேலைக்குப் போய் மாதச் சம்பளம் கொண்டுவரலாம். புதுக் கடைக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு பெரிய தெம்பு என்பது கடை நடத்தியவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் போதாது.

4,500 யூரோ என்பது அனுமதிக்கான தொகை. கடை வைக்கும் செலவு வேறு. நடக்கும் கடையை எடுக்கிறீர்கள் என்றால் கடையை விட்டுத்தரும் பழைய கடைக்காரருக்கு அதற்கென ஒரு தொகை தர வேண்டும். குத்தகை பொதுவாக ஐந்து வருடம், அப்புறம் இன்னொரு ஐந்து. இந்த வகைக் குத்தகையில் கடைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு பலமானது. வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் உணவகம் நடத்தலாம் என்று நகராட்சித் திட்டம் சொல்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

பீர், ஒயின் விற்க 2021-இல் வந்த ஆல்கஹால் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். உணவருந்தும் இடம் 35 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பொறுப்பாளராகப் பெயர் கொடுத்தவர் 21 வயது நிரம்பியவராகவும், மதுவைப் பொறுப்பாக விற்பது பற்றிய தேர்வில் தேறியவராகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவராவது கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவருமே அந்தத் தேர்வை எழுதிவிடுவது நல்லது. ஒருவர் மட்டும் எழுதினால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று பீர் ஊற்ற முடியாது. மகளுக்கு 16 வயதானால் இப்படிப்பட்ட கடையில் உதவிக்கு நிற்கலாம்.

சரி, சிக்கல் எங்கே? வெளியாள் வைப்பதில். 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2025-இன் இரண்டாம் பாதியில் மணிக்கு 14.40 யூரோவாக இருந்தது. அதன் மேல் 8 சதவீத விடுமுறைப் படி. இதைவிடப் பெரியது நோய்க்கால ஊதியம். ஊழியர் நோயில் விழுந்தால் இரண்டு வருடம் வரை, சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதத்தை முதலாளிதான் தர வேண்டும். ஒரே சமையல்காரரை நம்பி நடக்கும் கடையில் அவருக்கு முதுகெலும்பு அறுவை சிகிச்சை நடந்தால், அவருக்கும் சம்பளம், மாற்று ஆளுக்கும் சம்பளம். இதற்கென்றே சின்ன முதலாளிகள் காப்பீடு எடுக்கிறார்கள். அந்தப் பிரீமியத்தை முதல் மாதச் செலவிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஊழியர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான சட்டம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் பிழைப்பது வீட்டு ஆட்களே பெரும்பாலான வேலையைச் செய்யும் கடைதான்.

தாய்லாந்து: முதலாளியாக வா, வேலையாளாக வராதே

வெளிநாட்டவர் தொழில் சட்டம் 1999-இன்படி உணவு, பானம் விற்பது கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டவர் கையில் பாதிப் பங்கு வந்தாலே தனி அனுமதி வாங்க வேண்டும். அதனால் பொதுவாக 49 சதவீதத்தோடு நின்றுகொள்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு 1966-ஆம் ஆண்டு நட்புறவு ஒப்பந்தம் விலக்குத் தருகிறது. நூறு சதவீதமும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம். நிலம் வாங்க அந்த விலக்கு உதவாது, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். 2023 முதல் இரண்டே பங்குதாரர்கள் போதும் என்பதால், கணவனும் மனைவியுமே நிறுவனத்தைப் பதிந்துவிடலாம்.

இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் தாய்லாந்துக்காரர் பெயரில் 51 சதவீதத்தை எழுதி வைக்கிறார்கள். பினாமியாகப் பங்கு வைத்திருப்பது குற்றம், மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அமெரிக்கர்களுக்கு அந்த ஆபத்தில் இறங்க எந்த அவசியமும் இல்லை. ‘எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்று சொல்லும் தரகரிடமிருந்து விலகிவிடுங்கள்.

உரிமை முழுதாகக் கிடைக்கிறது, உழைக்கும் உரிமை கிடைப்பதில்லை. ஒரு வெளிநாட்டவருக்கு ஒர்க் பெர்மிட் வாங்கி விசாவை வருடா வருடம் நீட்டிக்க, வழக்கமாக 20 லட்சம் பாட் மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் காட்ட வேண்டும். அமெரிக்கருக்கு மாதச் சம்பளமாகக் குறைந்தது 50,000 பாட் கணக்கில் காட்டி வரியும் கட்ட வேண்டும். கணவனும் மனைவியும் இருவருமே வேலை செய்ய வேண்டுமென்றால் எல்லாம் இரட்டிப்பு: 40 லட்சம் பாட் மூலதனம், எட்டு ஊழியர்கள். பாங்காக்கில் 2025 ஜூலையிலிருந்து குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 400 பாட். எட்டுப் பேருக்கு 26 நாள் என்றால் 83,200 பாட். அதோடு உங்கள் இருவர் சம்பளம் ஒரு லட்சம். முப்பது நாற்காலிக் கடைக்கு எட்டுப் பேர் தேவையே இல்லை. அவர்கள் இருப்பது உங்கள் விசாவுக்காக.

ஒருவருக்கு மட்டும் பெர்மிட் வாங்கிக்கொண்டு, மனைவி சும்மா கூட வருகிறார் என்று சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவர் ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தாலும் அது வேலைதான். குடும்பக் கடை என்ற எண்ணமே அங்கே உடைந்துபோகிறது. கையில் பணம் இருந்து, நல்ல மேலாளரை வைத்து நடத்தத் தெரிந்தவர்களுக்குத் தாய்லாந்து நல்ல நாடு. அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மது விளம்பரக் கட்டுப்பாடு அங்கே கடுமையானது. பீர் பாட்டிலைப் பிராண்ட் தெரியப் படம் பிடித்துக் கடைப் பக்கத்தில் போட்டால் அபராதம் ஐந்து லட்சம் பாட் வரை போகலாம்.

மெக்ஸிகோ: பொறுமை இருந்தால்

சான் மிகெல் தெ அயெந்தே, சபாலா ஏரிக்கரையில் அஹீஹிக், கடலோரத்தில் புவெர்தோ வயார்தா. இந்த ஊர்களில் அமெரிக்க ஓய்வூதியர்கள் நிறையப் பேர். வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் இங்கே பெரிய கவர்ச்சி.

பலரும் வருமானத்தையோ சேமிப்பையோ காட்டித் தற்காலிகக் குடியிருப்பு வாங்கி வருகிறார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு உடனே கடையில் நிற்க முடியாது. வரித்துறையில் பதிந்து, குடிவரவுத் துறையிடம் வேலைக்கான அனுமதி கேட்டு வாங்க வேண்டும். மனைவிக்கும் தனியாக அதே அலைச்சல். நான்கு வருடம் முடிந்து நிரந்தரக் குடியிருப்பு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, தாராளமாக வேலை செய்யலாம். அதாவது நெதர்லாந்தில் முதல் நாளே கிடைப்பது இங்கே மெதுவாகக் கிடைக்கிறது. பிள்ளைகளின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடுவதே நல்லது.

ஆள் கூலி குறைவு. 2025-இல் பொதுக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 278.80 பெசோவாக இருந்தது, நல்ல சமையல்காரர் அதைவிடக் கூடுதலாகவே கேட்பார். அதற்கு மேல் சமூகப் பாதுகாப்புப் பதிவு, டிசம்பர் 20-க்குள் குறைந்தது 15 நாள் சம்பளம் போனஸ், முதல் வருடம் முடிந்ததும் 12 நாள் விடுப்பு உண்டு. வரிக்குரிய லாபத்தில் 10 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பிரித்துத் தரவும் வேண்டும். காரணமில்லாமல் வேலையை விட்டு அனுப்பினால் மூன்று மாதச் சம்பளம் இழப்பீடு. ‘மெக்ஸிகோவில் கூலி மலிவு’ என்று மட்டும் கேட்டுவிட்டு வருபவர்கள் முதல் டிசம்பரில்தான் விழிக்கிறார்கள்.

கடலோரக் கடைகளுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழையும் புயல் பயமும். குளிர்காலத்துக்கு வரும் அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் ஏப்ரலில் ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்களை மட்டும் நம்பினால் அரை வருடக் கடைதான். உள்ளூர்க்காரர்கள் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை முக்கிய உணவைச் சாப்பிடுவார்கள். அவர்களையும் உள்ளே இழுக்கிற கடைதான் வருடம் முழுக்க ஓடும்.

பின்னாலேயே வரும் அமெரிக்க வரி

அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கே இருந்தாலும் வரிக் கணக்குக் கேட்கும் நாடு. 2025-க்கு 1,30,000 டாலர் வரை வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த வருமானத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே சின்ன உணவகம் வைத்தவருக்கு வருமான வரி பெரிதாக இருக்காது. ஆனால் சொந்தத் தொழில் செய்பவர் சமூகப் பாதுகாப்புக்காகக் கட்டும் சுயதொழில் வரியான 15.3 சதவீதத்துக்கு அந்த விலக்குச் செல்லாது. பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நெதர்லாந்தோடு அமெரிக்காவுக்குச் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு 1990 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே கட்டிவிட்டு, அதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் அமெரிக்காவுக்கு அந்த வரியைக் கட்ட வேண்டாம். மெக்ஸிகோவோடு 2004-இல் கையெழுத்தானது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தாய்லாந்தோடு உடன்பாடே இல்லை. இவ்விரு நாடுகளிலும் நிறுவனம் பதிந்து, அதிலிருந்து சம்பளம் வாங்குபவராக இருந்தால் 15.3 சதவீதத்திலிருந்து தப்பலாம். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கான 5471-ஆம் படிவத்தை வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் ஒரு படிவத்துக்கு 10,000 டாலர் அபராதம். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் அதற்கும் ஓர் அறிக்கை உண்டு, கடை நடத்தினால் நிச்சயம் தாண்டும்.

சமையலறையில்

டச்சுக்காரர்கள் மோரைப் பாக்கெட்டில் வாங்கிக் குடிப்பவர்கள், எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். கோழியை இரவு முழுக்க ஊறவைக்கவும், தடித்த அமெரிக்கப் பான்கேக்குக்கும் அது போதும். மாட்டிறைச்சியில்தான் இடறும். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. ஹார்மோன் இல்லாத அமெரிக்க இறைச்சி மட்டும் ஒதுக்கீட்டு அளவில் வருகிறது, விலை அதிகம். மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சியைப் பன்னிரண்டு மணி நேரம் புகைபோட நினைத்தால், டச்சு இறைச்சிக்காரரிடம் எந்தத் துண்டு, எவ்வளவு கொழுப்பு என்று உட்கார்ந்து பேச வேண்டும். புகை மணம் மேல்மாடி வீட்டுக்குப் போகாமல் வெளியேற்றும் குழாய்க்கும் நல்ல செலவு பிடிக்கும். பார்பிக்யூ மட்டுமே உங்கள் கைவேலை என்றால் மெக்ஸிகோ முந்துகிறது. வடக்கு மெக்ஸிகோவில் புகைபோட ஏற்ற மெஸ்கீட் மர விறகு ஊரிலேயே கிடைக்கும், கரியில் சுட்ட மாட்டிறைச்சி அவர்களின் சொந்த உணவு, ருசி தெரிந்தவர்கள்.

பாங்காக்கில் வேறு கஷ்டம். தெருவில் நல்ல சாப்பாடு மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் ஊரில், அமெரிக்க பர்கருக்குப் பல மடங்கு விலை கேட்க வேண்டும். அதைத் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இருக்கும் பகுதியில் வாடகையும் அதே உயரத்தில் இருக்கும்.

இரண்டு பெரியவர்கள், இருவருக்கும் சமைக்கத் தெரியும், சேமிப்பு நடுத்தரம், பிள்ளைகள் பள்ளி வயது என்றால் நெதர்லாந்தைத் தயங்காமல் சொல்வேன். அதிலும் ஆம்ஸ்டர்டாமை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஹார்லெம், உத்ரெக்ட் போன்ற ஊர்களில், காலை உணவும் மதிய உணவும் மட்டும் போடும் கடையாக. இரவுக் கடை இல்லாவிட்டால் மது உரிமமும் தேவைப்படாமல் போகலாம், ஆளும் குறைவு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நாலு வருடம் பொறுக்கலாம், ஸ்பானிஷ் பேச வரும் என்றால் மெக்ஸிகோ. முதலில் குடியேறி, வேலை அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகே கடைக்கு முன்பணம் கொடுங்கள். தாய்லாந்துக்கு மூலதனம் தவிர ஒன்றரை வருடச் சம்பளச் செலவையும் தனியாக எடுத்து வைத்திருப்பவர்கள் மட்டும் போகலாம்.